கீறல் விழாத ஒரு வருடம்

மார்ச் 4

மனைவிக்காக லேப்டாப் வாங்கியாகிவிட்டது. அதைத் தேர்ந்தெடுக்க ஆன நேரத்தைவிட, கூடுதல் வாரண்டி வேண்டாம் என்று விற்பனையாளருக்குப் புரியவைக்க ஆன நேரம்தான் அதிகம்.

"ரெண்டு வருஷத்துக்கு எக்ஸ்ட்ரா வாரண்டி சார். இப்பவே போட்டுட்டா நிம்மதி" என்றார்.

நிம்மதியாம். யாரிடம் விற்கிறார்? வாஷிங் மெஷின் கம்பெனியின் கூடுதல் வாரண்டிப் பிரிவில் பதினெட்டு வருடமாக உட்கார்ந்து, மக்களுக்கு அந்த நிம்மதி ஏன் கிடையாது என்று கடிதம் எழுதிக்கொண்டிருப்பவன் நான். கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்துவிட்டார்.

என் கணக்கு எளியது. முதல் வருடம் கம்பெனியே இலவசமாகப் பார்த்துக்கொள்கிறது. கூடுதல் வாரண்டி அதற்குப் பிறகுதான் விழித்துக்கொள்ளும். அதுவரை நம் காசு அவர்கள் வீட்டில் குறட்டை விட்டுத் தூங்கும். முதல் வருடம் முடிவதற்குள் எந்த நாளில் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் கடைசி நாளில் வாங்குபவன்தான் புத்திசாலி. ஒரே ஒரு நிபந்தனை: தாமதமாக வாங்கினால் லேப்டாப்பைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். கீறல், நசுங்கல் எதுவும் இருக்கக் கூடாது. அவ்வளவுதானே? கீறல் விழாமல் பார்த்துக்கொண்டால் போயிற்று.

பெட்டியை அணைத்துப் பிடித்தபடி நின்றிருந்தவள் கேட்டாள்: "ஏங்க, இன்னிக்கே போட்டுட்டா நான் பயமில்லாம தொடுவேன்ல?"

"பயம் எதுக்கு? நான் இருக்கேன்ல" என்றேன். அதற்கு மேல் அவள் பேசவில்லை. சம்மதம்.

மார்ச் 5

அவளுடைய புது வேலையைப் பற்றி இங்கே எழுதி வைக்க வேண்டும். ஒரு நிறுவனம் படங்களை அனுப்புகிறது. காது கேளாதவர்கள் படிப்பதற்காக இவள் திரையின் அடிப்பகுதியில் வரும் வரிகளை எழுதித் தருகிறாள். பேச்சை மட்டுமல்ல, சத்தத்தையும். 'கதவு அறைந்து சாத்தப்படுகிறது.' 'தொலைவில் நாய் குரைக்கிறது.' ஒரு வருடம் சோதனை. சரியாகச் செய்தால் நிரந்தரம்.

மகள் பிறந்தபோது பள்ளிக்கூட வேலையை விட்டவள். மகளுக்கு இப்போது பதினைந்து. இடையில் எத்தனை இடங்களில் கேட்டிருப்பாள், எத்தனை பேர் "சொல்லி அனுப்புறோம்" என்றிருப்பார்கள். "இது மட்டும் நிலைச்சிட்டா போதுங்க. வேற ஒண்ணும் வேணாம்" என்றாள். எனக்கு மனசு கரைந்துவிட்டது. அதனால்தான் முடிவு செய்தேன்: உயிரைக் கொடுத்தாவது அந்த லேப்டாப்பைக் காப்பாற்றுவது.

சாப்பாட்டு மேசையில்தான் வேலை. ஆனால் லேப்டாப் திறந்திருக்கும்போது அந்த மேசையில் தம்ளர், கிண்ணம், ஈரக்கை எதுவும் வரக் கூடாது. தண்ணீர் குடிக்க வேண்டுமா, எழுந்து சமையலறைக்குப் போக வேண்டும். மோதிரம் கழற்றி வைக்கப்படும். நகம் வெட்டப்படும். மூடியின் மேல் ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாளை யாரும் உரிக்கக் கூடாது. தூக்கும்போது இரண்டு கையாலும், பச்சைக் குழந்தையைத் தூக்குவது போல.

"அப்பா, அம்மா டைப் பண்ணலாமா, இல்ல அதுவும் கூடாதா?" என்றாள் மகள். வாய் நீளம்.

மெதுவாகப் பண்ணலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

ஏப்ரல் 4

முதல் மாதப் புகைப்படம். லேப்டாப்பை மூடி வைத்து, பக்கத்தில் ஸ்கேல் வைத்து, ஆறு பக்கமும் எடுத்தேன். நாளைக்கு யாரும் 'இந்தக் கீறல் எப்போது வந்தது' என்று கேட்டால் ஆதாரம் வேண்டாமா? ஆபீஸில் பக்கத்து மேசைக்காரரிடம் காட்டினேன். "சொந்தப் பொருளுக்கே கேஸ் ஃபைல் போடுற ஒரே ஆள் நீங்கதான் சார்" என்றார். தொழில் தெரிந்தவர் வாயால் வந்த பாராட்டு.

ஏப்ரல் 19

இன்று ஒரு நல்ல மறுப்பு. வாஷிங் மெஷின் ஓடும்போது ஆடி ஆடிச் சுவரில் இடித்து மூலை உடைந்துவிட்டதாம். தரை மேடுபள்ளமாக இருந்திருக்கிறது. 'தரை எங்கள் தயாரிப்பு அல்ல' என்று ஒரே வரியில் முடித்தேன். மேலாளர் அதை எல்லோருக்கும் படித்துக் காட்டினார்.

மே 11

மூடியின் இடது மூலையில் ஒரு புள்ளி! எள்ளளவுதான். ஆனால் வெள்ளை.

அவளைக் கூப்பிட்டேன். "இதை முதல்ல எப்ப பார்த்தே?" "அப்ப மெஷின் ஆன்ல இருந்துச்சா?" "பக்கத்துல யார் இருந்தாங்க?" "இதுக்கு முன்னாடி இந்த மாதிரி ஏதாவது நடந்திருக்கா?" நான்காவது கேள்விக்கு வந்தபோதுதான் உறைத்தது, இது ஆபீஸில் வாடிக்கையாளர்களை நான் விசாரிக்கிற வரிசை. குரல்கூட அதேதான். அவளும் புடவை நுனியைத் திருகிக்கொண்டு, அவர்கள் சொல்வது மாதிரியே சொன்னாள். "தெரியலைங்க. ஆன்லதான் இருந்துச்சு. யாரும் இல்லைங்க. இல்லைங்க."

ஈரத்துணியால் துடைத்தேன். போய்விட்டது. முகர்ந்து பார்த்தேன். பற்பசை. காலையில் பல் துலக்கிக்கொண்டே மூடியைக் குனிந்து பரிசோதித்தது யார்?

கேஸ் முடித்து வைக்கப்பட்டது. நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

மே 12

ஏதோ ஒரு படத்தை நிறுத்திவிட்டு என்னிடம் கேட்டாள்: "நேத்து துடைச்சதும் ஒரு மூச்சு விட்டீங்களே, அதை என்னன்னு எழுதலாம்? பெருமூச்சுன்னு போடவா, நிம்மதின்னு போடவா?"

"'மாட்டிக்காம தப்பிச்ச சத்தம்'னு போடும்மா" என்றாள் மகள்.

தாயும் மகளும் ஒன்றாகிவிட்டால் வீட்டில் ஆண்பிள்ளைக்கு நாதியில்லை.

ஜூன் 4

புகைப்படம். ஆறு பக்கமும் சுத்தம்.

ஜூலை 22

சண்டை.

அவள் வேலை தாமதமாகிறதாம். நிறுவனத்திலிருந்து ஃபோன் வந்திருக்கிறது. இன்னொரு முறை தாமதமானால் யோசிக்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார்கள்.

"நீ என்ன சொன்னே?"

"எங்க வீட்ல மெதுவாத்தான் டைப் பண்ணணும்னு சொல்லல."

நான் பொறுமையாக விளக்கினேன். ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு ஆயுள் உண்டு, அடித்துத் தட்டினால் அது குறையும், நிதானம்தான் முக்கியம். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, "நீங்க ஆபீஸ்ல இருக்கும்போதும் பின்னாடி நின்னு பாக்குற மாதிரியே இருக்குங்க. ஒரு வரி எழுதுறேன், மூலையைத் தடவிப் பாக்குறேன். இன்னொரு வரி, மறுபடி தடவிப் பாக்குறேன். மெஷின் போனா வேற வாங்கிக்கலாம். இந்த வேலை போயிட்டா எனக்கு வேற வராது" என்றாள்.

"வேற வாங்கிக்கலாமா? யார் சம்பாத்தியத்துல?"

ஏன் கேட்டேன்? வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்க முடியாதா உனக்கு? அவ முகம் செத்துப்போச்சு. எழுந்து போய் லேப்டாப்பை உறையில போட்டு ஜிப்பை இழுத்தா, அலமாரியில வெச்சா. ரெண்டு கையாலும்தான் தூக்கினா. அது ஒண்ணுதான் இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது.

ஆகஸ்ட் 6

வீட்டில் அமைதி திரும்பிவிட்டது. நான் பயந்த மாதிரி ஒன்றுமில்லை. சொல்லப்போனால் அன்றைய சண்டை நல்லதற்குத்தான். ஆபீஸிலிருந்து வந்து பார்த்தால் லேப்டாப் உறைக்குள், அலமாரியில், வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கிறது. முன்பெல்லாம் ஆறு மணிக்கும் மேசையில் விரிந்து கிடக்கும். சொன்னால் புரிந்துகொள்கிறவள்தான். சொல்கிற விதத்தில் சொல்ல வேண்டும்.

வேலையும் முடிந்துவிடுகிறதாம், நேரத்துக்கு. "பார்த்தியா, நிதானம்!" என்றேன். "ஆமாங்க, நிதானம்" என்றாள்.

ஆகஸ்ட் 30

பகலில் அடிக்கடி அவள் தோழியின் அழகு நிலையத்துக்குப் போய்வருகிறாள். தெருக்கோடியில்தான் இருக்கிறது. ஒரு மனுஷி எத்தனை தடவை முடி வெட்டிக்கொள்ள முடியும்? முடியும் அப்படியேதான் இருக்கிறது. மகளிடம் கேட்டேன். அவளுக்கு ஏனோ சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பெண்கள் விஷயம், நமக்கெதற்கு.

செப்டம்பர் 4

புகைப்படம். பளிங்கு. திறந்து பார்க்கவே மனம் வரவில்லை. திறக்கவும் இல்லை.

அக்டோபர் 17

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வகுப்பு எடுக்கச் சொன்னார் மேலாளர். தலைப்பு: பொறுப்பான பயனீட்டாளர் எப்படி இருப்பார். என் லேப்டாப் படங்களைத் திரையில் போட்டுக் காட்டினேன். "தினமும் மணிக்கணக்கில் உழைக்கிற மெஷின் இது, நம்ப முடிகிறதா?" என்றேன். யாராலும் நம்ப முடியவில்லை. பின்வரிசையில் ஒரு பெண் மட்டும், "நிஜமாவே யூஸ் பண்றாங்களா சார்?" என்றாள். பொறாமை.

டிசம்பர் 9

கடையிலிருந்து ஃபோன். வருட முடிவுச் சலுகை, கூடுதல் வாரண்டி விலை குறைந்திருக்கிறது, ஜனவரியில் ஏறிவிடும். காத்திருப்பேன் என்றேன்.

ஜனவரி 8

ஏறிவிட்டது. சொன்னபடியே செய்திருக்கிறார்கள், அயோக்கியர்கள். "அப்பவே போட்டிருக்கலாம்ல" என்றாள் அவள், காய் நறுக்கிக்கொண்டே. இதில் ஒரு கொள்கை இருக்கிறது என்பது அவளுக்குப் புரியாது. விலை ஏறும் என்று பயந்து வாங்கினால் அது பயத்தை வாங்குவது. கடைசி நாள் என்றால் கடைசி நாள்தான்.

பிப்ரவரி 20

நிரந்தரமாகிவிட்டது! கடிதம் வந்திருக்கிறது. வாசலிலேயே நின்று படித்துவிட்டு அழுதாள். மகள் அவளைக் கட்டிக்கொண்டு குதித்தாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருடத்தில் அவளுக்கென்று, அவள் பெயருக்கென்று வந்த கடிதம்.

"எல்லாம் மெஷின் நல்லா இருந்ததாலதான்" என்றேன்.

"ஆமாங்க. மெஷின் நல்லா உழைச்சுது" என்றாள்.

அவளுக்குப் பெருந்தன்மை உண்டு.

மார்ச் 3

கடைசி நாள். ஆபீஸுக்கு விடுப்புப் போட்டுவிட்டு லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு பரிசோதனை மையத்துக்குப் போனேன். பரிசோதகர் ஒரு பெண்மணி. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுக்கொண்டு ஒற்றைக் கையால் லேப்டாப்பைத் தூக்கினார். ஏந்திப் பிடிக்க என் இரண்டு கையும் தானாக நீண்டன. நான் கொண்டுபோன புகைப்படத் தொகுப்பை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விளக்குக்கு அடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கீறல் இல்ல. நசுங்கல் இல்ல. நான் இப்படி ஒண்ணைப் பார்த்ததே இல்ல சார்."

பாம்பின் கால் பாம்பறியும் என்று நினைத்துக்கொண்டேன். தரையிலிருந்து ஓரடி மேலே மிதந்தேன். அவர் அதைத் திறந்து பொத்தானை அழுத்தினார். வெளிச்சம் வரவில்லை. சார்ஜரைச் செருகினார். வந்தது. எதையோ தட்டிப் பார்த்தார். சார்ஜரைப் பிடுங்கினார். போய்விட்டது.

"கடைசியா இதை எப்ப ஆன் பண்ணீங்க?"

"தினமும் ஓடுது மேடம். என் மனைவி வேலை செய்றாங்க."

"அவங்க வேலை செய்றதை நீங்க பார்த்தீங்களா?"

"நான் ஆபீஸ்ல இருப்பேன்."

"வேற யாராவது பார்த்தாங்களா?"

கையில் இருந்த பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தேன்.

"சார், மாசக்கணக்கா இதை யாரும் தொடல. ஆகஸ்ட் ஆரம்பத்தோட நின்னுடுச்சு. சார்ஜ் சுத்தமா இறங்கி, அப்படியே போட்டு வெச்சு, பேட்டரி செத்துப்போச்சு."

"அது வாரண்டில..."

"மத்த எல்லாத்துக்கும் உண்டு. பேட்டரிக்குக் கிடையாது. பயன்படுத்தாததால வர்ற பழுது இதுல வராது." விரலால் காட்டினார். சின்ன எழுத்தில், கீழிருந்து மூன்றாவது வரி. கச்சிதமான வரி. பதினெட்டு வருடத்தில் என் கம்பெனிக்கு நான் எழுதிக் கொடுத்திருக்க வேண்டிய வரி. எனக்குத் தோன்றவே இல்லை.

"போடவா, வேணாமா?" என்றார். பின்னால் வரிசை நின்றது.

போட்டேன். கடைசி நாளாயிற்றே.

பகலில் அவள் போகிற இடம் ஒன்றுதான். அங்கிருந்து நேராக அழகு நிலையம். ஆண்கள் நுழையக் கூடாது என்று பலகை. வாசலில் நின்றேன். "வாங்கண்ணா, உள்ளதான் இருக்கா" என்று தோழி திரையை விலக்கினாள். ஷாம்பு டப்பாக்களுக்கு நடுவே ஒரு முக்காலியில் என் மனைவி. எதிரே ஒரு பழைய லேப்டாப். மூடி ஆடாமல் இருக்க ஓரத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. ஒரு எழுத்துப் பட்டன் உதிர்ந்த இடத்தில் சட்டைப் பித்தானை ஒட்டி வைத்திருந்தார்கள். பக்கத்திலேயே, ஒட்டினாற்போல், தேநீர்க் கோப்பை.

காதில் ஹெட்போன் இருந்ததால் நான் வந்தது அவளுக்குத் தெரியவில்லை. டைப் செய்துகொண்டிருந்தாள். இவ்வளவு வேகமாகச் செய்வாளா? கீழே பார்க்கவேயில்லை. உதட்டில் ஒரு சிரிப்பு, படத்தில் யாரோ எதையோ சொன்னதற்கு.

"நான் கடை பில் போட வெச்சிருந்த பழசு அண்ணா. ஆகஸ்ட்லேர்ந்து இதுலதான் பண்றா. உங்களுக்குத் தெரியாதா?" என்றாள் தோழி. கள்ளமில்லாமல்தான் கேட்டாள்.

தெரியும் என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன். அவளைக் கூப்பிடவில்லை.

மார்ச் 4

கேட்டுட்டேன். கேக்காம இருக்க முடியல. ஏன் எங்கிட்ட சொல்லல? இத்தனை மாசம்! ஊருக்கெல்லாம் தெரியும், பெத்த பொண்ணுக்குத் தெரியும், ஷாம்பு விக்கிறவளுக்குத் தெரியும். நான் யாரு இந்த வீட்ல?

அவள் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"சொன்னா கேள்வி கேப்பீங்க. பதில் சொல்லிக்கிட்டே இருந்தா வேலை போயிருக்கும்."

"நான் உனக்காகத்தானே..."

"தெரியுங்க. எனக்காகத்தான். ஆனா நான் தொடாம இருந்தாத்தான் உங்களுக்கு நிம்மதி."

சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன்? யோசித்துப் பார்த்தேன். தோழியின் லேப்டாப்பையும் ஸ்கேல் வைத்துப் புகைப்படம் எடுத்திருப்பேன். வைக்கோற்போரில் படுத்த நாய், தானும் தின்னாது, மாட்டையும் தின்ன விடாது. யாரும் இதை என்னிடம் சொல்லவில்லை. வெட்கமாக இருக்கிறது. அவள் வேலை போயிருக்கும். என்னால் போயிருக்கும்.

மார்ச் 9

"இனிமே வீட்டிலேயே வேலை பாரேன். நான் எதுவும் கேக்க மாட்டேன்" என்றேன்.

"ஃபோட்டோ?"

"எடுக்க மாட்டேன்."

"மேசையில தம்ளர்?"

"எத்தனை வேணும்னாலும்."

"யோசிச்சு சொல்றேன்."

"எப்ப?"

"என்ன அவசரம்? கடைசி நாள் வரைக்கும் யோசிக்கலாம்ல?"

கடைசி நாள் எது என்று கேட்டேன். அதை அவள் இன்னும் முடிவு செய்யவில்லையாம்.

மார்ச் 10

அழகு நிலையம்.

மார்ச் 11

அழகு நிலையம். வீடு பகலில் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள மதியம் வந்து பார்த்தேன். வெறிச்சென்றிருக்கிறது.

மார்ச் 18

இன்று ஒரு கோரிக்கைக்கு எந்தக் கேள்வியும் கேட்காமல் சம்மதம் போட்டேன். மெஷினுக்குள் குழந்தையின் பொம்மை போய் அடைத்துக்கொண்டதாம். உண்மையைத்தான் எழுதியிருந்தார்கள், பாவம். மேலாளர் என் மேசைக்கே வந்து, உடம்பு சரியில்லையா, ரெண்டு நாள் லீவு போடுங்களேன் என்றார்.

ஏப்ரல் 2

சாயங்காலம் வந்தபோது அவள் வீட்டில் இருந்தாள். துணிப்பையில் அந்தப் பழைய லேப்டாப். தோழி அதை இவளுக்கே கொடுத்துவிட்டாளாம். மேசையில் வைத்து உட்கார்ந்து பார்த்தாள். திரை தாழ்வாக இருந்தது, கழுத்தை வளைக்க வேண்டியிருந்தது. பாயை மடித்து வைத்துப் பார்த்தாள். சரிப்படவில்லை. சுற்றும் முற்றும் தேடினாள்.

பிறகு அலமாரிக்குப் போய், உறையின் ஜிப்பை இழுத்து, புதியதை ஒற்றைக் கையால் எடுத்து வந்து மேசையில் படுக்க வைத்தாள். அதன் முதுகில் பழையதை ஏற்றினாள். சரியாக உட்காரும்வரை முன்னும் பின்னும் நகர்த்தினாள். பிளாஸ்திரியின் ஓரம் மூடியில் உரசுவது எனக்கு நன்றாகக் கேட்டது. மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உயரம் இப்ப சரியா இருக்குங்க. இது தாங்கும்ல?" என்றாள்.

"தாங்கும். ரெண்டு வருஷத்துக்கு வாரண்டி இருக்கு" என்றேன்.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். படம் ஓட ஆரம்பித்தது. நான் என் நாற்காலியை எதிர்ப்பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.